இரணியல் தகரப்பெட்டிக் காசுகள்: அச்சு வேறுபாடா, அடிப்புப் பிழையா, பின்னாள் காயமா?

இரணியலை அடுத்த ஒரு பழைய ஓட்டு வீட்டில், பாகப்பிரிவினையின்போது பரணிலிருந்து இறக்கப்பட்ட தகரப்பெட்டி ஒன்றில் கிடைத்த காசுகளைப் பற்றிய ஆய்வு இது. நூற்றுக்குச் சற்றுக் குறைவான காசுகள் அதில் இருந்தன. பெரும்பாலானவை ஐந்தாம் ஜார்ஜ் காலத்து வெண்கலக் காலணாக்கள். அவற்றோடு கிழக்கிந்தியக் கம்பெனியின் 1835-ஆம் ஆண்டுச் செப்புக் காலணாக்கள் சிலவும், ஆறாம் ஜார்ஜ் காலத்து ஓட்டைக் காலணாக்களும், திருவிதாங்கூர்ச் சக்கரங்களும் காசுகளும், 1862 என்று பொறித்த விக்டோரியா அரசியின் வெள்ளி ரூபாய் ஒன்றும் கலந்து கிடந்தன. குடும்பத்தார் பெட்டியைக் கொண்டுவந்ததோ ஒரே ஒரு காசுக்காக. 1930-ஆம் ஆண்டுக் காலணா ஒன்றில் ஆண்டு எண் இரட்டையாகத் தெரிகிறது, அது 'டபுள் டை' (அச்சிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்தது), பல லட்சம் பெறும் என்று எவரோ கைபேசியில் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தார்.

அந்தக் காசு டபுள் டை அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அதே பெட்டியில், யாரும் கண்ணெடுத்துப் பார்க்காத இரண்டு 1835 காலணாக்களும் அந்த ரூபாயும், அச்சு வேறுபாடு என்றால் என்ன என்பதைத் தெளிவாகக் காட்டக்கூடியவையாக இருந்தன. எதைக் கொண்டு ஒன்றை ஒதுக்கினோம், எதைக் கொண்டு மற்றவற்றை ஏற்றோம் என்பதைப் படிப்படியாக எழுதி வைப்பது நம் குமரி மாவட்டத்துச் சேகரிப்பாளர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன். ஏனெனில் குழித்துறையிலிருந்து ஆரல்வாய்மொழி வரையில் இத்தகைய பெட்டி இல்லாத பழைய வீடு குறைவு.

கேள்வியை எங்கே தொடங்குவது

காசில் இயல்புக்கு மாறான ஒரு தடத்தைக் கண்டதும் அதன் விலையைக் கேட்பதற்கு முன், அது எந்தக் கட்டத்தில் ஏற்பட்டது என்று கேட்க வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, சூடேற்றி இளக்கி, விளிம்பை உயர்த்துவது முதற் கட்டம். மூல உருவத்திலிருந்து எஃகு அச்சுக்கு உருவத்தை அழுத்தி மாற்றுவதும், ஆண்டு எண், நாணயச்சாலைக் குறி போன்றவற்றைத் தேவைப்பட்டால் கையால் தட்டிப் பதிப்பதும் இரண்டாவது. இரு அச்சுகளுக்கு நடுவே, காலர் என்னும் வளையத்துக்குள் வில்லையை வைத்து அடிப்பது மூன்றாவது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் காசின் உலக வாழ்க்கை: தேய்தல், நசுங்கல், உப்புக்காற்று, தேய்ப்புத்துணி, ஆணி, அரம்.

இரண்டாம் கட்டத்தில், அதாவது அச்சிலேயே ஏற்பட்ட மாறுதல்தான் அச்சு வேறுபாடு. அந்த அச்சு பல்லாயிரம் காசுகளை அடித்திருக்கும். அத்தனையிலும் அந்த மாறுதல் அதே இடத்தில், அதே உருவில் இருந்தாக வேண்டும். முதற் கட்டத்திலோ மூன்றாம் கட்டத்திலோ ஒரு வில்லைக்கு மட்டும் நேர்ந்த விபத்து அடிப்புப் பிழை. அது அந்தக் காசோடு முடிந்துபோகும். கடைசிக் கட்டத்தில் வந்தது காயம் மட்டுமே. ஆகவே ஒரு காசை அச்சு வேறுபாடு என்று சொல்வதற்கு உரிய சான்று இன்னொரு காசுதான். தனித்த ஒரு காசின் படத்தை வைத்துக்கொண்டு அப்படி அறுதியிட்டுச் சொல்பவரை நம்புவதற்கில்லை. இந்த ஆய்வு முழுவதும் இந்த ஒரு விதியின்மேல்தான் நிற்கிறது.

பெட்டியின் சூழல்

இரணியல் அடங்கிய கல்குளம் வட்டம் 1949 வரை திருவிதாங்கூரின் பகுதி; பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி. பதினாறு காசு ஒரு சக்கரம், நான்கு சக்கரம் ஒரு பணம் என்று சமஸ்தானக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே, இருபத்தெட்டரைச் சக்கரத்துக்கு ஒரு பிரிட்டிஷ் ரூபாய் என்ற விகிதத்தில் வெளிநாணயமும் புழங்கியது. அந்த வீட்டின் முன்னோர் கருப்பட்டி வாணிகம் செய்து, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால் பாண்டிநாட்டுச் சந்தைகளோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் என்று குடும்பத்தார் கூறினர். ஒரே பெட்டியில் இரு நாணய முறைகளும் சேர்ந்திருப்பதற்கு அதுவே போதிய காரணம். மண்ணில் புதைந்து கிடைத்தவை அல்ல என்பதையும் காசுகளே காட்டின: மண் ஏறிய கரடான மேற்பூச்சு எதிலும் இல்லை. இதை உறுதிசெய்துகொள்வது வெறும் ஆர்வத்துக்காக அன்று. மண்ணில் மறைந்து கிடந்து எடுக்கப்படும் பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும். அஸ்திவார வாணம் தோண்டும்போது காசு கிடைக்கும் வீடுகள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெட்டியின் மேலடுக்கில் இருந்த செப்பு, வெண்கலக் காசுகள் சிவந்து பளபளத்தன. அடியில் கிடந்தவை கருஞ்செம்மை நிறத்தில் இருந்தன. காரணத்தை வீட்டு மூதாட்டி சொன்னார்: "புளி போட்டுத் தேய்ச்சாத்தான் மக்களே செம்பு வெளுக்கும், இல்லேன்னா களிம்பு தின்னுப்போடும்." குத்துவிளக்குக்குச் சரியான இந்த வழக்கம் காசுக்குக் கேடு. புளியின் அமிலம் மேற்படலத்தைக் கரைக்கிறது. கூடவே தேய்க்கும் சாம்பலும் செங்கற்பொடியும் இழை போன்ற கீறல்களை விடுகின்றன. அச்சு ஆராய்ச்சிக்கு உயிரான நுண்ணிய விரிசல் கோடுகளும், அச்சைத் தீட்டியதால் வரும் மெல்லிய வரிகளும் முதலில் அழிபவை. அவர் அஞ்சிய களிம்பு பொய்யன்று என்பதையும் சொல்ல வேண்டும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை அருகிலேயே இருக்க, உப்புக்காற்றிலுள்ள குளோரைடு செம்பில் புகுந்து, வெளிர்பச்சைத் தூளாக உதிரும் புள்ளிகளை உண்டாக்குகிறது. சில காலணாக்களில் அது தொடங்கியிருந்தது. அதற்கு மாற்று புளி அன்று. ஈரம் போக உலர்த்தி, நோயுற்ற காசை மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பதே முதல் வேலை.

1930 காலணா

பேச்சுக்குக் காரணமான காசை முதலில் எடுத்துக்கொண்டோம். ஐந்தாம் ஜார்ஜ் காலணாவின் விதித்த எடை 4.86 கிராம், விட்டம் ஏறத்தாழ 25.4 மில்லிமீட்டர். புழங்கித் தேய்ந்த காசுக்கு ஏற்ற சிறு குறைவைத் தவிர இதன் எடையிலும் அளவிலும் மாறுதல் இல்லை. ஆண்டு எண்ணுக்குக் கீழே புள்ளி இருந்ததால் பம்பாய் நாணயச்சாலைக் காசு. கல்கத்தாக் காசில் அந்தப் புள்ளி இராது.

மேலிருந்து நேராக விழும் வெளிச்சத்தில் ஆண்டு எண்ணின் இலக்கங்கள் உண்மையாகவே இரட்டையாகத் தெரிந்தன. கைபேசிப் படம் ஏமாற்றியதும் இந்த வெளிச்சத்தில்தான். ஒற்றை விளக்கைத் தாழ்வாகப் பக்கவாட்டில் வைத்து, காசை மெல்லச் சுழற்றிக்கொண்டே பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது காட்சி மாறியது. இரண்டாவது உருவம் என்று தோன்றியது, இலக்கத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், தரையோடு தரையாகத் தட்டையாக விழுந்திருந்த ஒரு படி. அது உருண்டு எழவில்லை. அதற்கென்று தனி முனையும் இல்லை. இலக்கங்கள், அவற்றுக்கு மேலுள்ள எழுத்துகள், கீழுள்ள புள்ளி ஆகிய அனைத்திலும் அந்தப் படி ஒரே திசையில், ஒரே அகலத்தில் இருந்தது.

இதன் காரணம் அடிப்பில் இருக்கிறது. தளர்வாகப் பொருத்தப்பட்ட அச்சு, அடி விழுந்த கணத்தில், உலோகத்தை விட்டுப் பிரிவதற்கு முன் ஓர் இழை அளவு நகர்ந்துவிடுகிறது. அந்த நகர்வு, அப்போதுதான் எழுந்து நின்ற எழுத்தின் பக்கத்தைச் சீவித் தள்ளுகிறது. சீவப்பட்ட உலோகமே படியாகிறது. ஆகவே எழுத்து தன் உடலிலிருந்தே கொடுத்து மெலிகிறது. உண்மையான டபுள் டையில் நடப்பது இதற்கு நேர்மாறு. எஃகு அச்சில் உருவத்தை ஒரே அழுத்தத்தில் முழுதாக ஏற்ற முடியாது என்பதால், நடுவே அச்சை இளக்கிவிட்டு மீண்டும் அழுத்துவார்கள். இரண்டாம் முறை சற்றே திரும்பிப் பதிந்தால் அச்சிலேயே இரண்டு உருவங்கள் குழிந்துவிடும். அப்படிப்பட்ட அச்சில் பிறக்கும் காசில் எழுத்து இயல்பைவிடத் தடிக்கும், இரண்டு உருவமும் உருண்டு உயர்ந்து நிற்கும், எழுத்தின் முனைகள் பிளவுபட்டுத் தெரியும்.

பெட்டியிலேயே வேறு 1930 பம்பாய்க் காலணாக்கள் இருந்தது நற்பேறு. அவற்றின் இலக்கத் தடிமனை ஒரே உருப்பெருக்கத்தில் படமெடுத்து ஒப்பிட்டோம். ஐயத்துக்குரிய காசில் மெலிந்த இலக்கத்தின் அகலத்தோடு படியின் அகலத்தைக் கூட்டினால், மற்றக் காசுகளின் இயல்பான இலக்க அகலம் வந்தது. புதிதாக எதுவும் சேரவில்லை, இருந்தது சீவப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. இத்தகைய நகர்வுத் தடம் எந்த நாணயச்சாலையிலும் எந்த நாளும் நிகழ்வது. இதற்கென்று தனி விலை இல்லை. இதே தவறான பெயரில் விற்கப்படும் இன்னொரு வகையும் உண்டு. அடித்து அடித்துத் தேய்ந்த அச்சில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, காசில் எழுத்தைச் சுற்றி நிழல்போல் ஒரு வீக்கம் வரும். அதுவும் டபுள் டை ஆகாது.

குடும்பத்தின் இளையவர் இதை ஏற்கத் தயங்கினார், அது இயல்பே. லென்ஸை அவர் கையில் கொடுத்து, விளக்கை அவரே நகர்த்திப் பார்க்கச் செய்தோம். படியின் தட்டையான முகம் ஒரு கோணத்தில் மட்டும் கண்ணாடிபோல் மின்னி மறைவதை அவரே கண்டார்.

இரண்டு 1835 காலணாக்கள்

கம்பெனிக் காலணாக்கள்தான் இந்தப் பெட்டியின் செல்வம். 1835-ஆம் ஆண்டுச் சட்டங்கள் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் ஒரே வகை நாணயத்தைக் கொண்டுவந்தபோது உருவானவை இவை. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனியின் சின்னமும் ஆண்டும். மறுபக்கம் மாலைக்குள் மதிப்பும், சுற்றிலும் கம்பெனியின் பெயரும். விதித்த எடை நூறு கிரெயின், அதாவது 6.48 கிராம். பல அச்சுகளால் பெருந்தொகையாக அடிக்கப்பட்டதால், எழுத்தின் அளவு, மாலையிலுள்ள காய்களின் எண்ணிக்கை, இலை நுனி காட்டும் இடம் என வேறுபாடுகள் மலிந்த காசு இது. இதற்குப் பின் வந்த 1858-ஆம் ஆண்டுக் காலணாவில் மாலையின் நுனி ஒற்றை இலையா இரட்டை இலையா என்று பார்ப்பது சேகரிப்பாளர்களின் முதற்பாடம். 1835 காசில் பாடம் இன்னும் கடினம்.

அடியில் கிடந்து புளியிலிருந்து தப்பிய ஒரு காசில், மாலைப் பக்கத்தில், விளிம்பிலிருந்து புறப்பட்டு, இந்தியா என்னும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தின் அடியைத் தொட்டு, நடு எழுத்தோடு நின்றுவிடும் ஒரு மெல்லிய மேடான கோடு தெரிந்தது. மேடு என்பதுதான் இங்கே முதற் செய்தி. காசு வெளியே வந்தபின் விழும் கீறல் பள்ளமாகத்தான் இருக்கும். அச்சில் விரிசல் விட்டால் அந்த இடுக்கில் உலோகம் புகுந்து காசில் மேடாக எழும். நகத்தால் தடவினாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். லென்ஸ் இல்லாதவர்களுக்கு இதையே முதலில் சொல்லித்தருவேன்.

விரிசல் கோடு என்று தெரிந்தபின், மேற்சொன்ன விதிப்படி இன்னொரு காசைத் தேடினோம். புளியில் தேய்த்த காசுகளுள் ஒன்றில் அது கிடைத்தது. அதில் கோடு நடு எழுத்தோடு நிற்கவில்லை. கடை எழுத்தையும் கடந்து வளைந்து மீண்டும் விளிம்பைச் சேர்ந்திருந்தது. தேய்ப்பையும் தாங்கி நின்ற அளவுக்கு அது தடித்திருந்தது. இரு விளிம்பு முனைகளுக்கு நடுவே, அந்தச் சொல்லைத் தாங்கிய பகுதி மட்டும் சுற்றியுள்ள தரையைவிட மிகச் சிறிதளவு உயர்ந்திருந்தது. அச்சின் அந்தத் துண்டு முழுவதும் பிளந்து, ஆனால் கழன்று விழாமல், சற்றே உள்வாங்கிய நிலையில் அடித்திருக்கிறது என்பது இதன் பொருள்.

இரண்டும் ஒரே அச்சில் பிறந்தவை என்று சொல்ல, விரிசலின் ஒற்றுமை மட்டும் போதாது. அச்சுகள் பலவீனமான இடங்களில் ஒன்றுபோலவே விரியக்கூடும். ஆகவே விரிசலை மறந்துவிட்டு வேறு இடங்களை ஒப்பிட்டோம். எந்த எழுத்து எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, எந்த இலையின் நுனி எந்த எழுத்தின் எந்தக் காலை நோக்குகிறது, விளிம்பைச் சுற்றியுள்ள பற்களுள் எது எந்த எழுத்துக்கு நேராக வருகிறது என்று பார்த்தோம். ஒரே அளவில் அச்சிட்ட படங்களின்மேல் மெல்லிய தாளை வைத்து வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தினோம். தேய்ந்து அழிந்த இடங்களைத் தவிர எல்லாம் பொருந்தின. மாலைப் பக்க அச்சு ஒன்றே என்பதில் எனக்கு ஐயமில்லை.

காசுகளைத் திருப்பிப் பார்த்தபோது எதிர்பாராத ஒன்று தெரிந்தது. சின்னப் பக்கத்தில் இரண்டும் பொருந்தவில்லை. ஆண்டு எண்ணின் இலக்க இடைவெளியும், நாடாவின் மடிப்புக்கும் சிங்கத்தின் காலுக்கும் இடையிலுள்ள தூரமும் தெளிவாகவே வேறுபட்டன. அதாவது, மாலைப் பக்க அச்சு விரியத் தொடங்கிய பின்னரும் அதைக் கழிக்காமல் வைத்துக்கொண்டு, எதிரிலிருந்த சின்ன அச்சை மட்டும் மாற்றி, வேலையைத் தொடர்ந்திருக்கிறார்கள். விரிசல் வளரும், ஒருபோதும் மூடாது. ஆகவே குறுகிய விரிசலுடைய காசு முந்தியது, முழு வளைவுடையது பிந்தியது என்ற வரிசை உறுதி. ஆவணம் எதுவும் கையில் இல்லாமலே, ஒரு நாணயச்சாலையின் ஒரு மேசையில் எது முதலில், எது பிறகு நடந்தது என்பதை இரண்டு தேய்ந்த செப்புக் காசுகளைக் கொண்டு சொல்ல முடிகிறது. இந்தத் துறையில் என்னைப் பிடித்து வைத்திருப்பது இதுதான்.

ஒரே அச்சின் இரு நிலைகள் ஒரே பெட்டியில் வந்து சேர்ந்ததால், அவை ஒரே மூட்டையில் இப்பக்கம் வந்தவை என்று சொல்லத் தோன்றும். அது இருக்கக்கூடியதே, ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட புழக்கத்துக்குப் பின் அதை நிறுவ வழியில்லை என்பதால் குறிப்பில் அப்படி எழுதவில்லை.

1862 ரூபாய்

விக்டோரியா அரசியின் 1862 ரூபாயைக் குடும்பத்தார் வெள்ளிக்காக மட்டுமே மதித்தனர். அந்த ஆண்டைப் பொறித்த ரூபாய்கள் அந்த ஓர் ஆண்டில் மட்டும் அடிக்கப்பட்டவை அல்ல. 1874-இல் ஆண்டு எண் மாறத் தொடங்கும் வரை 1862 என்ற எண்ணே நிலைத்து நின்றது. பம்பாய் நாணயச்சாலையில், அடித்த காலத்தைத் தமக்குள் அடையாளம் காண, பூவேலைப்பாடு உள்ள மறுபக்கத்தில் ஆண்டுக்குக் கீழும், சில அச்சுகளில் மேற்புறப் பூவின் அருகிலும், சிறு புள்ளிகளை இட்டார்கள். அரசியின் ஆடை முகப்பின் அமைப்பும், மேற்புறப் பூவிதழின் உருவமும், புள்ளிகளின் எண்ணிக்கையும் சேர்ந்து இந்த ஒரே ரூபாயைப் பல வகைகளாகப் பிரிக்கின்றன. ஆகவே 1862 ரூபாயைப் பார்த்தவுடன் செய்ய வேண்டியது புள்ளிகளை எண்ணுவது.

இந்த ரூபாயின் எடை, 11.66 கிராம் என்ற அளவிலிருந்து தேய்மானத்துக்குரிய அளவே குறைந்திருந்தது. காசுமாலைக்கோ பதக்கத்துக்கோ வளையம் பற்றவைத்துப் பின் அறுத்த தடம் உண்டா என்று வடசேரியில் கோயில் நகை செய்யும் ஆசாரி ஒருவரிடம் காட்டினோம். விளிம்பைச் சுற்றி ஒருமுறை பார்த்ததுமே, பற்றாசு ஏறவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். உள்ளங்கை அனுபவத்துக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

ஆனால் இந்த ரூபாய் ஆண்டுதோறும் பூசைப் பாத்திரங்களோடு திருநீற்றால் துலக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்குக் கீழே மூன்று புள்ளிகள் ஐயமின்றித் தெரிந்தன. அவற்றை அடுத்து நான்காவதாக ஒரு மங்கலான மேடு இருந்தது. அது புள்ளியா, வேறொன்றா? அச்சில் தட்டப்பட்ட புள்ளி வட்டமாக, செங்குத்தான ஓரத்தோடு, மற்றவற்றோடு ஒரே உயரத்தில், சீரான இடைவெளியில் இருக்கும். அச்சு துருப்பிடித்தால் ஏற்படும் குழிகளும் காசில் மேடாகத்தான் விழும். ஆனால் அவை ஒழுங்கற்று, ஒன்றோடொன்று ஒட்டி, புள்ளி வர வேண்டாத இடங்களிலும் சிதறியிருக்கும். இந்தக் காசில் வேறெங்கும் துரு மேடுகள் இல்லை. இடைவெளியும் பொருந்துகிறது. ஆனால் தேய்ப்பால் ஓரம் முழுவதும் மழுங்கிவிட்டதால் உருவத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய்ப் பிசுக்கும் உலோகத் தூளும் அச்சின் சிறு குழியை அடைத்துவிட்டால், புள்ளி காசில் வராமலே போகும். ஆகவே ஒரு புள்ளி இருப்பது வலுவான சான்று. இல்லாதிருப்பது மெலிந்த சான்று. 1930 காலணாக்களில் கீழ்ப்புள்ளி இல்லாத ஒன்றைக் கண்டு உடனே கல்கத்தா என்று எழுதிவிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ரூபாயைப் பொறுத்தவரை, மூன்று புள்ளிகள் உறுதி, நான்காவது இருக்கலாம் என்று பதிவு செய்தோம். விற்பவர் எவரும் இதை நான்கு என்றுதான் எழுதுவார், எழுதக் கூடாது.

மற்றவை

1911-ஆம் ஆண்டுக் காலணா ஒன்றைக் குடும்பத்தார் 'பன்றிக் காசு' என்று சரியாகவே அடையாளம் கண்டிருந்தனர். அரசர் அணிந்திருந்த விருதுச் சங்கிலியின் யானை, துதிக்கை குறுகிப் பன்றிபோல் தெரிந்ததால் எழுந்த எதிர்ப்பின் பின், 1912-இல் உருவத்தைத் திருத்தினார்கள். அடித்த 94 லட்சம் ரூபாய்க் காசுகளுள் ஏறத்தாழ 7 லட்சமே வெளியே சென்றன, எஞ்சியவை உருக்கப்பட்டன. ரூபாயின் இந்த வரலாறு அதே ஆண்டுக் காலணாவுக்கு அரிய மதிப்பைத் தந்துவிடாது. இது அச்சுப் பிழையும் அன்று. மூல உருவத்திலேயே இருந்த வடிவமைப்பு.

விளிம்பில் பிறைபோல் குறைந்த ஒரு காலணா உண்மையான அடிப்புப் பிழையாகத் தேறியது. முன்பே வில்லை வெட்டிய துளையின்மேல் வெட்டுக்கருவி மீண்டும் விழுந்தால் இப்படிக் குறையும். குறைவுக்கு நேர் எதிரே இருந்த விளிம்பு உயராமல் மங்கிக் கிடந்ததுதான் இதற்குச் சாட்சி. விளிம்பு உயர்த்தும் கருவியில் குறைவான பக்கம் அழுத்தத்தைத் தாங்காதபோது எதிர்ப்பக்கமும் உயராது. அரத்தால் பின்னாளில் அறுத்தவன் இந்த எதிர்ப்பக்க மங்கலை உண்டாக்க முடியாது. பெட்டியில் அரத்தால் குறைத்த காசும் ஒன்று இருந்தது. அதன் எதிர்விளிம்பு முழுமையாக நின்றது, வெட்டுமுகத்தில் வரிகளும் தெரிந்தன.

ஓட்டைக் காலணாக்களுள் துளை ஒருபுறம் ஒதுங்கியதாகக் காட்டப்பட்ட இரண்டும், ஆணியோ கம்பியோ கொண்டு பெரிதாக்கப்பட்டவை. துளையின் ஓரத்தில் உலோகம் பிதுங்கி நின்றது. இந்தக் காசை வாஷராகப் போட்ட வீடுகள் ஏராளம்.

சக்கரங்களைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் மாவட்டத்தில்தான் இந்தக் குழப்பம் மிகுதி. பழைய வெள்ளிச் சக்கரம் அரை கிராமுக்கும் குறைந்த எடையுள்ளது. குழிகள் இட்ட மரப் பலகையில் பரப்பி எண்ண வேண்டிய அளவுக்குச் சிறியது. அது கையால் அடிக்கப்பட்டது; அச்சு வில்லையைவிடப் பெரியது. ஆகவே ஒவ்வொரு சக்கரத்திலும் உருவத்தின் ஒரு பகுதியே விழும். இயந்திரக் காசின் அளவுகோலைக் கொண்டு இதை 'நடு விலகிய அடிப்பு' என்று பெயரிட்டு விற்பது தவறு. பிற்காலத்தில் இயந்திரத்தில் அடித்த செப்புச் சக்கரத்தில் நடு விலகியிருந்தால் மட்டுமே அதைப் பிழை என்று கொள்ளலாம்.

பெட்டியோடு சேர்த்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த, 1818 என்ற ஆண்டும் ராமர் பட்டாபிஷேக உருவமும் கம்பெனியின் பெயரும் பொறித்த பித்தளை வில்லை ஒன்றையும் பார்த்தோம். கம்பெனி அப்படி ஒரு அணாக் காசை வெளியிட்டதில்லை. இவை பிற்காலத்தில் செய்யப்பட்ட வில்லைகள். அரிசியை இழுக்கும், அபூர்வ சக்தி உண்டு என்று சொல்லி இத்தகையவற்றைக் காட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றிக் காவல்துறை வழக்குகள் தமிழகம் முழுவதும் உள்ளன. அதை ஆய்வில் சேர்க்காமல் தனியே திருப்பிக் கொடுத்து, யாரிடமும் முன்பணம் கொடுக்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொன்னோம்.

முடிவுப் பதிவு

1930 காலணா: அடிப்பின்போது அச்சு நகர்ந்ததால் வந்த தடம், தனி மதிப்பு இல்லை. பிறை குறைந்த காலணா: வில்லைப் பிழை, உண்மையானது. 1862 ரூபாய்: பம்பாய், கீழே மூன்று புள்ளிகள் உறுதி. 1835 காலணாக்கள் இரண்டு: மாலைப் பக்கம் ஒரே அச்சு, விரிசலின் முந்திய நிலையும் பிந்திய நிலையும், சின்னப் பக்கம் வேறு வேறு அச்சுகள். ஒவ்வொன்றுக்கும் எடை, விட்டம், இரு பக்கப் படம், பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த அண்மைப் படம் ஆகியவற்றோடு தாளில் எழுதிக் குடும்பத்தாரிடம் கொடுத்தோம். காசுகளை இனித் தேய்ப்பதில்லை என்று மூதாட்டி ஒப்புக்கொண்டார். நூறாண்டு கடந்த காசுகளை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதை, 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தைச் சுட்டி, வெளிநாட்டில் வேலை செய்யும் மகனுக்கும் தெரிவித்தார்கள்.

1835 அச்சின் மூன்றாம் நிலையை இனித் தேட வேண்டும். பிளந்து நின்ற துண்டு எப்போதேனும் கழன்று விழுந்த பின்னும் அந்த அச்சை ஓட்டியிருந்தால், அதில் பிறந்த காசில் இந்தியா என்னும் சொல் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்துகளே இராமல், விளிம்போடு ஒட்டிய வழுவழுப்பான ஒரு புடைப்பு மட்டும் இருக்கும். அதற்கு நேர் எதிரே, சின்னப் பக்கத்தில், உலோகம் அந்தக் குழியை நிரப்பப் போய்விட்டதால் உருவம் மங்கியிருக்கும். நசுங்கிய விளிம்பு என்று கருதி எளிதாகக் கழித்துவிடக்கூடிய காசு அது. ஆகவே 1835 காலணாவில் அந்த இடத்தில் எழுத்து அழிந்திருப்பதைக் கண்டால், காசைத் திருப்பி எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட்டு, மாலையின் எஞ்சிய இலை நுனிகளை இந்த இரு காசுகளின் படத்தோடு ஒப்பிட வேண்டும்.